சுவருக்கு மேலே வந்த பாடம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டின வீட்டு வரிசையில், ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. வெள்ளைக்காரன் கட்டும்போது கல் தீர்ந்துபோயிருக்கும். இல்லாவிட்டால் தோட்டத்து ஆள்களுக்கு ரகசியம் எதற்கு என்று நினைத்திருப்பான். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் ஏறி அப்படியே நின்றுவிடும். அதற்கு மேலே தகரம் வரைக்கும் ஒட்டடையும் இருட்டும்தான். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டில் இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் அடுத்த வீட்டில் தீர்ப்புச் சொல்லி முடித்திருப்பார்கள். பிள்ளை தும்மினால் பெற்றவள் வாயைத் திறக்குமுன் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு!" என்று சத்தம் வரும். மறுபடி தும்மினால் "இருநூறு!"

அந்தச் சுவரைப் பற்றிக் காலமெல்லாம் குறை சொல்லியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் இன்னும் அதிகமாகச் சொன்னேன். காரணம் கேட்காதீர்கள்.

என் பேத்தி, மகள் வயிற்றுப் பிள்ளை, நான்காம் வகுப்பு முடிகிற நேரத்தில் சீக்காளியானாள். காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. அடி எதுவும் படாமலே காலில் நீலம் நீலமாகத் தடம் விழுந்தது. நான் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். கமறவே இல்லை. கண்ணேறுதான் என்று லயமே சொன்னது. பதுளை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். அவள் அப்பன் கொழும்பில் கடையில் நிற்கிறவன், லீவு போட்டு ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தான். மகள் உள்ளே கிடந்தாள். நான் இங்கே கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டு, கோவிலில் ஒவ்வொரு சாமியிடமும் தனித்தனியாகப் பேரம் பேசிக்கொண்டு கிடந்தேன்.

திரும்பி வந்தபோது தலையில் ஒரு முடி இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கினதும் என்னைப் பார்த்து, "அம்மாயி, ஒனக்குப் பேன் பாக்குற வேல மிச்சம்" என்றாள். வாய் யாரிடமிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

வைத்தியம் முடியவில்லை. மாதாமாதம் போய்வர வேண்டும். நடுவில் வீட்டில் இருக்கலாம். ஆனால் கூட்டத்தில் விடக் கூடாது, சளி இருமல் உள்ளவர்கள் கிட்டே வரக் கூடாது, பள்ளிக்கூடம் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மகள் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். வாசலில் திரை போட்டாள். உள்ளே வரலாம் என்றிருந்த ஆள் நான் ஒருத்திதான், அதுவும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவின பிறகு. காலமெல்லாம் கொழுந்து பறித்து விரலில் ஏறின கறை, பென்சன் வாங்கியும் போகாத கறை, அந்த மாதம் போய்விட்டது.

பிள்ளைக்கு ஊசி பற்றியோ முடி பற்றியோ கவலை இல்லை. அவள் கவலை எல்லாம் ஸ்கொலசிப் பரீட்சை. ஐந்தாம் வகுப்பில் எழுதுவார்களே, அது.

"நீ பாஸாகி என்னா பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"பாஸாகணும்னு யாரு சொன்னா? எழுதணும். எல்லாரும் எழுதுறாங்க. நான் மட்டும் எழுதாட்டி அடுத்த வருசம் சின்னப் புள்ளைங்களோட ஒக்காரணும்."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தம்பி பிறந்தான், தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. பரீட்சை எழுதாமல் இருப்பதில் இவ்வளவு துக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கெல்லாம் அது சந்தோஷமான செய்தியாகத்தான் இருந்தது.

அவளுடைய வகுப்பு டீச்சர் எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான். கீழ் டிவிசனில் வீடு. அவள் அம்மாவும் நானும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து, வாசலில் தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அக்கா, ஸ்கூல் விட்டதும் நான் தெனமும் வர்றேன். ஒரு மணித்தியாலம் சொல்லிக் குடுத்தா போதும், புள்ள கெட்டிக்காரி" என்றாள்.

என் மகள் திரையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க டீச்சர். உள்ள வேணாம்" என்றாள்.

"மாஸ்க் போட்டுக்கிறேன்."

"டீச்சரம்மா," என்று நான் குறுக்கே விழுந்தேன். "ஒங்க கிளாஸ்ல எத்தன மூக்கு ஒழுகுது?"

"ஒழுகாத மூக்க எண்ணுறது லேசு பாட்டி" என்றாள் டீச்சர். சொன்ன பிறகுதான் தன் கட்சிக்கே ஆகாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. முகம் வாடிப்போய்விட்டது.

திரைக்குள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் சுவருக்கு மேலாகப் பக்கத்துக் காம்பராக் கிழவன் குரல் வந்தது: "ஏன் மதினி புள்ள அழுகுது? நீ என்னா சொன்ன?"

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவன் இருமினால் எங்களுக்குக் கேட்கிறது. நாங்கள் அழுதால் அவனுக்குக் கேட்கிறது. பாடம் மட்டும் கேட்காதா?

கிழவன் எனக்குக் கொழுந்தன் முறை. ஒரு காலத்தில் ஆள்களை மேய்த்துக் கொழுந்து நிறுத்த கங்காணி. பெண்டாட்டி செத்தபிறகு அந்தக் காம்பராவில் சுருட்டும் ரேடியோவும் அவனுமாக இருந்தான். போய்ச் சொன்னேன்.

"எங்காம்பராவுல பள்ளிக்கூடமா?" என்றான்.

"ஆமா கொழுந்தனாரே. ஒங்களுக்கும் ஓசியில படிப்பு வரும்."

"சுருட்டு?"

"பாடம் முடியிற வரைக்கும் வெளிய இஸ்தோப்புத் திண்ணையில ஒக்காந்து குடிங்க. ரேடியோவ அமத்திருங்க. கெட்ட வார்த்த பேசக் கூடாது."

சுருட்டைக் காதில் செருகினான். "கடைசிதான் கஷ்டம்" என்றான்.

அடுத்த தடவை கிளினிக் போனபோது மகள் டாக்டரிடம் கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பேசினால் பரவாயில்லை, மாஸ்க் போட்டுக்கொள்ளட்டும், தடிமன் சளி பிடித்தால் அன்றைக்கு வர வேண்டாம் என்றாராம். மகள் சம்மதித்துவிட்டாள். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. "மேல தெறந்துதானே கெடக்கு, கிருமி ஏறி வராதா?" என்று கேட்டேன். பேத்திதான் பதில் சொன்னாள்: "அது ஏறி வர்றதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்கிரும் அம்மாயி."

இப்படித்தான் பாடம் தொடங்கியது. டீச்சர் அந்தப் பக்கம் கிழவனுடைய வாங்குப் பலகையில் உட்காருவாள். இந்தப் பக்கம் பிள்ளை கட்டிலில் தலையணை சாய்த்து உட்காரும். எழுதிக் காட்ட வேண்டியது இருந்தால், கொழுந்து எடுக்கும்போது செடிக்கு மேல் மட்டம் பார்க்கிற என் பழைய கம்பு ஒன்று இருந்தது. அதன் நுனியில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பில் தாளைக் கவ்வ வைத்து டீச்சர் சுவருக்கு மேலே நீட்டுவாள். நான் கால்விரலில் எக்கி எடுத்துப் பிள்ளையிடம் கொடுப்பேன். அவள் எழுதினதும் கம்பு திரும்பிப் போகும். ஒரு தடவை நான் அதில் ஒரு வடையைக் குத்தி அனுப்பினேன். அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் கேட்டது. பிறகு டீச்சர் சொன்னாள்: "விடை சரி."

ஒரு காம்பராவுக்குக் கேட்டால் லயத்துக்கே கேட்கும். பாட நேரத்தில் முழு லயமும் வாய் பொத்தியது. அன்றைய கிலோவை முடித்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வருகிற பெண்கள் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். டீச்சர் கேள்வி கேட்பது பிள்ளையிடம். பதில் வருவது எட்டாவது காம்பராவிலிருந்து.

"யாரு அது?"

"நான் இல்ல டீச்சர்" என்று ஒரு குரல் வரும்.

ஒருநாள் கணக்கு. "ஒரு தொழிலாளி ஒரு மணித்தியாலத்துல மூணு கிலோ கொழுந்து எடுத்தா, ஆறு மணித்தியாலத்துல எத்தன கிலோ?" என்றாள் டீச்சர்.

வெளியே இஸ்தோப்பு பொங்கிவிட்டது.

"எந்த மலையில டீச்சர்?"

"மழையா வெயிலா?"

"நிறுக்கும்போது ஈரத்துக்குத் தண்ணிக் கழிவு புடிச்சா, புடிக்காமலா?"

டீச்சர் அந்தப் பக்கம் திணறுகிறாள். என் பேத்தி கட்டிலில் இருந்து கத்தினாள்: "கழிவு புடிக்காம பதினெட்டு. புடிச்சா எத்தனன்னு கங்காணித் தாத்தாக்கிட்ட கேளுங்க, அவருதான் புடிச்சாரு!"

கிழவன் இஸ்தோப்பில் சுருட்டோடு எழுந்து நின்று, "பாத்தியா மதினி, ஒம்பேத்தி என்னைய லயத்து நடுவுல வச்சு..." என்று தொடங்கி, கெட்ட வார்த்தை வாய்க்கு வந்து, விழுங்கிக்கொண்டான். அந்த வருஷம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். என் மகளும் சிரித்தாள். திரையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கொஞ்ச நாளில் பிள்ளையின் சத்தம் குறைய ஆரம்பித்தது. மருந்தினால் வாயெல்லாம் புண். அவள் சொல்கிறது சுவர் ஏறவில்லை. அதனால் அவள் என் காதில் சொல்லுவாள், நான் அந்தப் பக்கத்துக்குக் கத்துவேன். கொழுந்து மலையில் பேசிப் பழகின தொண்டை. மடுல்சீமை பஸ்ஸையே கைகாட்டாமல் நிறுத்தின தொண்டை.

"செடி சாப்பாடு தயாரிக்க என்னென்ன வேணும்?" என்று டீச்சர் கேட்டாள்.

பிள்ளை என் காதில் சொன்னது: சூரிய வெளிச்சம், தண்ணீர், காற்று.

நான் சொன்னேன்: "வெயிலு, தண்ணி, காத்து. அதோட ஒரம். ஒரம் போடாம நம்ம தோட்டத்துல எந்தச் செடி தளிர்க்குது?"

பிள்ளை என் தொடையில் கிள்ளினாள். "பாட்டி, அவ சொன்னத மட்டும் சொல்லுங்க" என்றாள் டீச்சர்.

"நீ சேக்காத அம்மாயி" என்று பிள்ளை கிசுகிசுத்தாள். "பரீட்சையில ஒன்னையக் கூட்டிட்டுப் போக முடியாது."

பரீட்சைக்கு அவளைத் தனி அறையில் உட்கார வைக்கலாமா என்று டீச்சர் மேலிடத்தில் கேட்டிருந்தாள். முடியும் என்று சொல்லியிருந்தார்கள். அதைச் சுவருக்கு மேலே சொன்ன அன்று பிள்ளை முழு முட்டை ஒன்றைச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த கிளினிக்கில்தான் நோய் திரும்பிவிட்டது என்றார்கள். மகள் அதை அந்தச் சுவருக்குள் வைத்துச் சொல்லவில்லை. மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிற மாதிரி என்னையும் கூட்டிக்கொண்டு போய், குடத்தைத் தண்ணீரில் வைத்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னாள். குடம் நிரம்பி வழிந்தது. ரெண்டு பேரும் அதை எடுக்கவில்லை.

"இனி படிப்பு எதுக்கும்மா? படுத்திருக்கட்டும். களைச்சுப் போறா" என்றாள்.

பிள்ளையிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டு வந்தோம். சொல்ல வேண்டியிருக்கவில்லை. பீலிக்கரையில் நின்று காதில் வாங்கின பெண்கள் ரெண்டு பேர் அழுதுகொண்டே எங்களுக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டார்கள். சுவர் மிச்சத்தைச் செய்துவிட்டது.

"பாடத்த நிறுத்தப் போறீங்களா?" என்று கேட்டாள். நோயைப் பற்றிக் கேட்கவில்லை.

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பரீட்ச எழுதிட்டு நிறுத்திக்கிறேம்மா. அது வரைக்கும் விடு."

மகள் நெடுநேரம் அந்த மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "பதில் சொல்ற வரைக்கும் படி. பதில் சொல்ல முடியாமப் போற அன்னிக்கு நிறுத்திரணும். அதுக்கு மேல ஒன்னையப் போட்டு வதைக்க முடியாது. சரியா?" என்றாள்.

"சரி" என்றாள் பிள்ளை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

கிளினிக் செலவுக்காக மகள் அப்போது மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள்; காலையில் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போனால், கூடுதல் கிலோவும் எடுத்துத் திரும்ப ஐந்து மணி ஆகும். டீச்சர் வருகிறது மூன்று மணிக்கு. பிள்ளைக்கு அப்போது கொடுத்த மருந்து தூக்க மருந்து மாதிரி. கேள்வி வருகிற நேரத்தில் பாதி நாள் அவள் கண்ணை மூடியிருப்பாள். அந்தப் பக்கம் டீச்சர் கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். நான் என்ன செய்வேன்? பிள்ளை காதில் சொல்கிற மாதிரி எனக்கு நானே குசுகுசு என்று முணுமுணுப்பேன். கொஞ்ச நேரம் விடுவேன். பிறகு எனக்குத் தெரிந்ததைக் கத்துவேன்.

"நம்ம நாட்டுத் தேசியப் பறவை எது?"

குசுகுசு. "கோழி."

"என்ன கோழி?"

குசுகுசு. "ஊர்க்கோழி."

"காட்டுக்கோழி" என்று டீச்சர் திருத்துவாள். "பரவாயில்ல, கோழி வரைக்கும் வந்துட்டா."

சாயங்காலம் மகள் கேட்பாள்: "இன்னிக்குப் பதில் சொன்னாளா?"

"சொன்னா. ஒண்ணு ரெண்டு தப்பு."

இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த கிழவனுக்கு எந்தக் குரல் யாருடையது என்று தெரியாதா? தெரியும். எட்டாவது காம்பராவுக்கும் தெரியும். ஒருத்தி வெற்றிலைப்பையை இடம் மாற்றி வைத்ததைக்கூட ஊர்பூராச் சொல்கிற ஜனம், இதை மட்டும் என் மகளிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

அதில் ஒரு கஷ்டம் இருந்தது. பிள்ளை விழித்ததும் கேட்பாள்: "இன்னிக்கு நான் என்னா படிச்சேன் அம்மாயி?" அதற்காகவே நான் பாடத்தைக் கவனித்துக் கேட்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கேட்காத நான் வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். மகாவலி எங்கே புறப்படுகிறது, முக்கோணத்துக்கு எத்தனை மூலை, நிலாவுக்கு ஏன் சொந்த வெளிச்சம் இல்லை. எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்து அவளுக்குச் சொல்வேன். அவள் கண்ணை மூடிக்கொண்டே திருத்துவாள். திருத்த முடியாத நாளில், "ம்" என்பாள்.

ஒருநாள் வெளியே மலையே தெரியாத பனி. டீச்சர் இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டுக்கும் குசுகுசு, இரண்டுக்கும் பதில். மூன்றாவதையும் அதே பாடம் சொல்கிற குரலில் கேட்டாள்:

"பாட்டி, அவ தூங்குறாளா?"

எனக்குப் பொய் வரவில்லை. பொய்யில் நான் கெட்டிக்காரி. இருந்தும் வரவில்லை.

"தூங்குறா டீச்சரம்மா."

அந்தப் பக்கம் வாங்கு கிரீச்சிட்டது. எழுந்து போகப்போகிறாள் என்று நினைத்தேன். இனி மகளுக்குத் தெரிந்துவிடும், எல்லாம் நிற்கும், பிள்ளை விழித்துக் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. வாங்கு மறுபடி கிரீச்சிட்டது. சுவருக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறாள்.

"அப்ப மெதுவாப் படிப்போம்" என்றாள் டீச்சர்.

அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்கவில்லை. குரலை இறக்கி, தாலாட்டுகிற மாதிரி வாசித்தாள். வெளியே பெண்கள் தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் ஒரு மழைநாளில் காய்ச்சல் ஏறியது. ஆட்டோ பிடித்துப் பசறை இறங்கி, பதுளைக்குக் கொண்டு போனோம். பாதை முழுக்கக் குழி. ஒவ்வொரு குழிக்கும் என் மகள் பிள்ளையைத் தூக்கித் தூக்கிப் பிடித்தாள். பிள்ளை ஒரு தடவை கண்ணைத் திறந்து, "டீச்சர்கிட்ட வரமாட்டேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொல்லியாச்சு என்றேன். சொல்லியிருக்கவில்லை. கிழவன் சொல்லியிருப்பான்.

அவளைத் திரும்பக் கொண்டுவந்தபோது இஸ்தோப்பில் வெள்ளைத்துணி கட்டியிருந்தார்கள். தப்பு அடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். லயமே எங்கள் காம்பராவுக்குள் இருந்தது. இத்தனை மாதம் ஒருத்தர் காலும் படாத தரையில் உட்கார இடமில்லை.

டீச்சர் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். பழக்கத்தில் கால் பக்கத்துக் காம்பராப் படிக்குப் போனது. அங்கிருந்து திரும்பி எங்கள் வாசலுக்கு வந்து, திரைக்கு முன்னால் நின்று என் மகளைப் பார்த்தாள். உள்ளே வரலாமா என்று கேட்கிற பார்வை.

என் மகள் திரையைப் பிடித்து இழுத்தாள். கயிறோடு அறுந்து வந்தது.

"வாங்க டீச்சர்," என்றாள். "இனி வரலாம்."

டீச்சர் வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். முடியில்லாத தலையை அவள் பார்த்தது அன்றைக்குத்தான். கையை வைத்தாள். அழுகை அடங்கி நிமிர்ந்ததும் அந்தச் சுவரைப் பார்த்தாள். எங்கள் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒப்பாரிச் சத்தத்துக்கு நடுவில் என் காதோடு கேட்டாள்:

"பாட்டி, தூங்குறான்னு நீங்க சொன்னதுக்கு முந்தி... அந்தப் பதிலெல்லாம் அவ சொன்னதுதானா?"

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வெறும் சுவரிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும்.

"தப்பா வந்ததெல்லாம் நான் சொன்னது டீச்சரம்மா" என்றேன். "சரியா வந்ததெல்லாம் அவ சொன்னது."

டீச்சர் அழுகைக்குள்ளேயே ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சொன்னது முழுக்க உண்மை இல்லை. மகாவலி, முக்கோணம், அப்படி ஒன்றிரண்டு நானே சரியாகச் சொல்லியிருந்தேன். அதையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன்.